கேட்கிறதா

டுலூத்தில் பிப்ரவரி.
சுப்பீரியர் ஏரி கண்ணுக்கெட்டும் தூரம்வரை கட்டித்துப்போய்க் கிடக்கிறது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள்
துறையிலேயே கட்டுண்டு நிற்கின்றன, மார்ச் கடைசி வரை.

காலை ஆறேகால்.
நான்காம் அரங்கில் இயந்திரத்தைச் சோதிக்கிறேன்:
ஆக்சிஜன், கசிவு, உறிஞ்சுகுழாய்.
சட்டைப்பையில் கைபேசி அதிர்கிறது.
அரிசோனா. பதின்மூன்று வாரம்.
சம்பளம் இரு மடங்கு, வாடகை அவர்கள் பொறுப்பு.
"வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள், லோர்னா"
என்கிறாள் நான் பார்த்தேயிராத ஒருத்தி,
மூன்று ஆச்சரியக்குறிகளோடு.

மயக்கம் கொடுக்க இங்கே ஒன்பது பேர் இருந்தோம்.
இப்போது ஐவர்.
போன நால்வரின் காலணிகளில் ஒரு ஜோடி
இன்னும் அலமாரியடியில் இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை.

ஓடெல் பிராண்ட்வோல்ட், அறுபத்தெட்டு,
முப்பத்தோரு வருடம் கப்பல் தளத்தில் கயிறு இழுத்தவர்.
பித்தப்பை.
ஆய்வுக்கான தாளில் கையெழுத்துப் போட்டபடி கேட்டார்:
"நான் தூங்கும்போது பேச்சுக் கொடுப்பீங்க, அவ்வளவுதானே?
என் மனைவி ரொம்ப வருஷமா அதைத்தான் செய்றா."
முடிவைத் தனக்குச் சொல்ல வேண்டாம் என்ற கட்டத்தில்
அழுத்தமாக ஒரு குறி.

செய்முறை எளிது.
தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறுமுன்
வலது முன்கையில் பட்டையைக் கட்டி இறுக்கிவிடு.
மருந்து அங்கே போகாது.
உடம்பெங்கும் கதவடைப்பு;
ஒரு கை மட்டும் கடை திறந்து வைத்திருக்கும்.

குழாய் இறங்கிவிட்டது.
திரையில் நாற்பத்து மூன்று. ஆழ்ந்த உறக்கம் என்கிறது எண்.
குனிந்து, காதருகே, எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்:
"ஓடெல், நான் பேசுவது கேட்டால்
என் கையை அழுத்துங்கள்."

இதுவரை பதினெட்டுப் பேரிடம் கேட்டிருக்கிறேன்.
பதினெட்டுக் கைகளும் ஈரத்துணிபோல் கிடந்தன.

அழுத்தினார்.

அனிச்சையாக இருக்கலாம். அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்.
"வலித்தால் இரண்டு முறை."
நொடிமுள் நகர்ந்தது.
கிருமிநாசினி தடவிக்கொண்டிருந்த ஹாகன்
ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்.
இரண்டாவது அழுத்தம் வரவில்லை.
முதல் அழுத்தமே முடியவில்லை.
அவர் கை விடவில்லை.

படிவத்தில் இருப்பவை: ஆம். இல்லை. ஒருமுறை. இருமுறை.
விடவில்லை என்பதற்குக் கட்டம் கிடையாது.

புரொப்போஃபாலைக் கூட்டினேன்.
விரல் விரலாக, துறையில் கயிறு தளர்வதுபோல்,
போனார்.

மீட்பறையில் மூன்று கேள்விகள்.
தூங்குமுன் கடைசியாக நினைவிருப்பது? "உங்க பச்சைச் செருப்பு."
விழித்ததும் முதலில்? "தாகம்."
நடுவில்?
"ஒண்ணுமில்லை," என்றார்.
கொடுத்த காசுக்குச் சரியான சரக்கு கிடைத்த திருப்தி முகத்தில்.
"ஒண்ணுமே இல்லை."

பொய் இல்லை அது.
என் கையைப் பிடித்திருந்த ஓடெலை
இந்த ஓடெலுக்குத் தெரியாது.
உலகத்தில் அவரைச் சந்தித்தவள் நான் ஒருத்திதான்,
அதுவும் ஒரு நிமிடம்,
அதுவும் அவரைப் போகச் செய்வதற்காக.

இருபது வருடமாக
நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன்.
பட்டை கட்டாத கைகளை
நான் எண்ணவில்லை.
எண்ண ஆரம்பித்தால் நாளை வேலைக்கு வரமுடியாது.

வாகன நிறுத்தத்தில் மைனஸ் இருபத்திரண்டு.
எஞ்சின் சூடாகட்டும் என்று வெளியே நின்று
கையுறையைக் கழற்றி அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்:
அங்கே நோயாளியோடு பேச நேரம் கிடைக்குமா?

உடனே பதில்.
"எதற்கு? அவர்கள்தான் தூங்குகிறார்களே!!!"

கட்டைவிரல் மரத்துப்போகும்வரை
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கோ இருட்டில், ஏரிக்குள்,
பனிக்கட்டி நீளமாக விரிசல் விட்டது.

கேட்டது.